பெயின்ட் காயும்வரை

அசையக் கூடாது, பேசக் கூடாது, தும்மல் வந்தால் சட்டைக்குள்ளேயே தும்மிக்கொள்ள வேண்டும். இதுதான் நைனா பாய் பெயின்ட் ஷெட்டின் சட்டம். கடைசிக் கோட்டு அடித்து அது காய்கிறவரை உள்ளே ஒரு சொல் கிடையாது. "பேசுனா எச்சி தெறிக்கும் தம்பி. எச்சி பட்ட எடத்துல பெயின்ட்டு வெலகி மீன் கண்ணாட்டம் குழி உழுந்துரும். அப்பறம் மொத்தத்தையும் தேச்சு மறுக்கா அடிக்கோணும்" என்று சொல்லிவிட்டுத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்தார், வாசல் படுதாவை இறக்கினார், மூலையில் கிடந்த லாரி டயரைக் காட்டி உட்கார் என்றார். நான் வந்ததோ பேசுவதற்கு. ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் வேகாத வெயிலில் சைக்கிளை மிதித்து வந்தேன். பாய், அன்றைக்குப் போனில் பேசினது எங்கப்பா இல்லை, நான். அவ்வளவுதான் வாக்கியம். 'பாய்' வரைக்கும் சொல்லியும்விட்டேன். அதற்குள் அவர் முகமூடியை மாட்டிவிட்டார், கம்ப்ரசர் உறுமத் தொடங்கிவிட்டது, மீதி வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. சங்ககிரி ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிரேயருக்கு நடுவே தலைமையாசிரியர் குரலில் 'இன்று அரைநாள் விடுமுறை' என்று சொல்லிப் பாதிப் பள்ளியை வாசல் கேட் வரை ஓடவைத்த வாய் இது. பஸ் கண்டக்டர், கோயில் மைக்கில் அர்ச்சனைச் சீட்டுக்குக் கூப்பிடுகிற அக்கா, குதிரைப் புரோக்கர் ராக்கியண்ணன் ஒவ்வொரு விலைக்கு முன்னாலும் இருமுகிற இருமல், எல்லாம் இந்த வாய்க்குள்தான் குடியிருக்கிறார்கள். எல்லோரும் இப்போது டயர் மேல் வரிசையாக உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பாயைப் பார்க்கிறோம்.

பார்க்கவேண்டியதுதான். இவரைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? ஸ்ஸ்ஸ்ஸ் என்று பெயின்ட் துப்பாக்கி சீறுகிறது. எங்கள் குதிரை ட்ரெய்லரின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றில் அடிக்க ஆரம்பித்து, அப்படியே உள்ளே நுழைந்து, அந்தப் பக்கத்து விளிம்பையும் தாண்டி ஒரு சாண் போன பிறகுதான் விரலை எடுக்கிறார். நடுவில் எங்கேயும் நிறுத்துவதில்லை. கை மட்டும் போவதில்லை, இடுப்பிலிருந்து ஆள் மொத்தமும் போகிறார், கூட்டத்தில் தேர் திரும்புகிறமாதிரி அலுங்காமல். நான் அந்தச் சத்தத்தை மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன். ஸ்ஸ்ஸ், டக். ஸ்ஸ்ஸ், டக். அந்த 'டக்'கில் இருக்கிறது விஷயம், விரல் விடுகிற டக். நாளைக்கு வகுப்பில் இதைச் செய்து காட்டினால் ஒரு பயலுக்கும் புரியாது. புரியாவிட்டால் போகிறது. பாய் போட்டிருப்பது வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்ட முழுக்கை வெள்ளை. பெயின்ட் அடிக்க எவனாவது வெள்ளைச் சட்டை போடுவானா? இவர் போடுவார். வேலை முடிந்ததும் வாசலில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார், ஒரு பொட்டு இருந்தால் சொல்லு என்று. எதிர்க்கடை டீ மாஸ்டர் டம்ளரை வைத்துவிட்டு வந்து முதுகுப் பக்கம்கூடத் தேடுவார். இருக்காது. திமிர்தான். ஆனால் அந்தத் திமிரை நான் கும்பிடுவேன். நானும் அப்படித்தானே, ஒரு ஆளின் குரலைப் பேசிவிட்டு அந்த ஆளே திரும்பிப் பார்த்தால் கையைத் தூக்கிக் காட்டுகிற ஜாதி.

இந்த ட்ரெய்லர் இங்கே வந்தபோது எப்படி இருந்தது? ஊட்டிப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் வேண்டாமென்று ஓரங்கட்டியதை, எங்கள் பந்தயக் குதிரை பவளத்தை ஏற்றிப்போக அப்பா வாங்கிவந்தார். முழுக்க இரும்பு, இந்தக் காலத்து அலுமினியத் தகரம் இல்லை, தட்டினால் கோயில் மணி மாதிரி நின்று பேசும். ஆனால் துரு. மழையும் குதிரை மூத்திரமும் சேர்ந்து தின்று, அடித்தகட்டில் என் கை போகிற ஓட்டை. வெளியே பழைய பச்சை உரிந்து அதற்குக் கீழே ஒரு சிவப்பு, அதற்கும் கீழே யாரோ எந்தக் காலத்திலோ அடித்த ஒரு சாம்பல். பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறிப் பார்த்து, இறங்கி, "நல்ல சாமானுங்க. மேல்தோலுதான் போயிருக்குது, எலும்பு கெட்டியா இருக்குது" என்றார், டாக்டர் மாதிரி. அந்தக் குரலை நான் அன்றைக்கே எடுத்துவைத்துக்கொண்டேன். அடியில் தகடு வெட்டி வெல்டிங். துருவை இரும்பு முகம் தெரிகிறவரை சுரண்டல். ப்ரைமர். பட்டி. பிறகு வாட்டர் பேப்பரில் தேய்ப்பு, தேய்ப்பு, தேய்ப்பு. ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்து எட்டிப்பார்த்தேன், பாய் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து வைத்தால் கண் பொய் சொல்லிவிடுமாம். ஒரு இடத்தில் கை நின்றது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அவர் அங்கே பென்சிலால் ஒரு சுழி போட்டார். என்னைப் பார்த்துவிட்டு "ஓடு" என்றார். வேலை நடக்கும்போது வண்டிக்காரர் யாரும் வரக் கூடாது, வந்து பார்த்தால் எல்லோரும் பெயின்டர் ஆகிவிடுகிறார்கள் என்பார். அதனால்தான் அப்பா இன்றுவரை உள்பக்கத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கம். அதை நினைக்காமல் இருக்கலாம் என்றுதான் இவ்வளவு நேரம் வெளிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்ரசர் நின்றுவிட்டது. இப்படி ஒரு அமைதியை நான் பரீட்சை ஹாலில்கூடக் கேட்டதில்லை. பாய் துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்து எனக்குக் காட்டிவிட்டு, பக்கச் சந்து வழியாகப் பூனை மாதிரி வெளியே போய்விட்டார். வெளியே ஒரு துண்டுத் தகரத்தில் இதே பெயின்ட்டை அடித்து மாட்டியிருக்கிறார், அதில் கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்ப்பார், அது காய்ந்தால் இதுவும் காய்ந்தது. வெளிநிறம் அப்பா கேட்டதேதான், கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஒரு கருநீலம். ஈரத்தில் அது பளபளக்கிறதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது, ஷெட்டின் கம்பி, கூரை ஓட்டை, டயர், டயர் மேல் ஒரு மூஞ்சி, எல்லாம் அதற்குள் தலைகீழாகாமல் நேராக நிற்கிறது. பின்பக்கம் ஏற்றுப்பலகை இறங்கிக் கிடக்கிறது. அதன் வழியாக உள்ளே தெரிகிறது வெள்ளை. மோர் வெள்ளை. மேலே, பக்கவாட்டில், நடுத்தடுப்பில், ஒரு மூலை விடாமல். இந்த இருட்டு ஷெட்டுக்குள் அது ஒன்றுதான் பகல். அழகாக இருக்கிறது, ஐயோ, எவ்வளவு அழகாக இருக்கிறது. அப்பா சொன்னது காபிக் கலர். "உள்ள காபிக் கலருங்க பாய், அழுக்குத் தெரியாது" என்று என் முன்னாலேயே சொன்னார். அப்போதே வீட்டில் கேட்டேன், உள்ளே வெள்ளை அடிக்கலாங்கப்பா, பவளம் இருட்டுக்குத்தான் பயப்படறா என்று. "என்னடா தரணீசு, ஆசுபத்திரியா கட்டறோம்?" என்றார். அப்பாவிடம் எதையும் ஒரு தடவைதான் கேட்க முடியும். இரண்டாவது தடவை கேட்பதற்கு இடம் இருக்காது, அவர் எழுந்து போயிருப்பார்.

பவளம் ஓட்டத்தில் நெருப்பு. நடுரோட்டில் மேளம் அடித்தாலும் காதை மட்டும் ஆட்டுவாள். ஆனால் ட்ரெய்லர் என்றால் நான்கு காலையும் ஊன்றிவிடுவாள். போன முறை வேட்டுவபாளையம் பந்தயத்துக்கு அவளை இதே ட்ரெய்லரில் ஏற்ற ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. அப்பா முன்னால் நின்று இழுத்து "ஏர்றீ! ஏர்றீங்கறேன்!" என்று கத்தக் கத்த அவள் பின்னால் பின்னால் போய், கடைசியில் பந்தயம் முடிந்த சேதிதான் வந்தது. அன்றைக்கு அப்பாவும் அவளும் போன பிறகு நான் உள்ளே போய் முட்டிபோட்டு அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். துரு நிறம், இருட்டு, தூரத்தில் இரண்டு கீற்று வெளிச்சம். ஒரு பிராணி விழுங்குவதற்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறமாதிரி இருந்தது. அடுத்த வாரமே பால் சொசைட்டி வாசலில் வேன் கதவு திறந்து நிற்க, உள்ளே வெள்ளையாக இருக்க, இவள் யாரும் கேட்காமல் முன்னங்கால் இரண்டையும் தூக்கி அதற்குள் வைத்தாள். டிரைவர் அலறினான். அப்பா "பால் வாசனைக்கு ஏறுது" என்றார். இல்லை. நான் பார்த்தேன், அவள் மூக்கை நீட்டவில்லை, கழுத்தை உயர்த்திக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறினாள். ஆனால் என் சொல்லை யார் எடுப்பார்கள்? நேற்று ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டே அப்பா முடிவு சொல்லிவிட்டார். "நாளைக்குச் சாயந்தரம் பொழுதோட பவளத்தைப் பாய் கடைக்கு நடத்திட்டுப் போறேன். புதுசாக்குன வண்டியில ஏறுனா ஊட்டுக்கு வரும். ஏறுலீன்னா அப்படியே ராக்கியண்ணன் தோட்டத்துக்கு." அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், தட்டு நிறைந்தும். ராக்கியண்ணன் என்ன செய்வார்? ஒரு இருமல் இருமுவார், ஒரு விலை சொல்வார், அடுத்த நாள் அவள் எந்த ஊரில் எந்தக் கல்யாணத்தில் சீரியல் பல்பைச் சுற்றிக்கொண்டு நிற்பாள் என்று எனக்குத் தெரியாது.

குரல் எனக்கு இந்த வருஷம்தான் உடைந்தது. அதுவரை யார் குரலும் வரும், அப்பாவுடையது மட்டும் வராது, அந்த அடிக்கட்டை என்னிடம் இல்லை. ஒருநாள் காலையில் சளி பிடித்தமாதிரி எழுந்தேன், விளையாட்டுக்கு ரூமுக்குள்ளிருந்து "இந்தா, காப்பி" என்றேன், அம்மா காப்பியோடு வந்து நின்றாள். அப்பா அந்நேரம் தீவனக் கடையில் இருந்தார். அம்மா டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "கருமாந்திரம் புடிச்சவனே" என்று திட்டிக்கொண்டே அதை எனக்கே கொடுத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதையல் மாதிரி. நான் தேடிப்போகவே இல்லை, அதுவாக வந்து தொண்டையில் குடியேறிவிட்டது. அந்தப் புதையலில்தான் அன்றைக்குக் கையை விட்டேன். அப்பா குளிக்கப் போயிருந்தபோது அவர் போனிலிருந்தே. "ஏனுங் பாய், நாச்சிமுத்து பேசறேன். உள்ள காபிக் கலர் வேண்டாம். வெள்ளை அடிச்சுப்போடுங்க." கச்சிதம். ஒரு வார்த்தை கூடவும் இல்லை குறையவும் இல்லை, அப்பா செலவழிக்கிற அளவு. பாய் "சரிங்க" என்றார். அங்கே போனை வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் நான் கலைஞன். ஆனால் குரல் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது, வைக்க மனசில்லை, ருசியில் இன்னொரு வாய் போட்டுவிட்டேன். "சாப்டீங்களா பாய்?" என்றேன். அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம். பிறகு "ம்" என்றார். கெட்டது. நாச்சிமுத்து என்கிற மனிதர் இதுவரை யாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை. என்னைக் கேட்டதில்லை. அம்மாவைக் கேட்டதில்லை. பவளத்தைக்கூடக் கேட்கமாட்டார், தொட்டியைத்தான் பார்ப்பார். இவ்வளவு காலம் கூடவே இருந்து கவனித்து, ஒரு கொட்டாவிகூட விடாமல் சேகரித்து, கடைசியில் அந்த ஆள் சொல்லவே சொல்லாத ஒன்றை அந்த ஆள் வாயில் வைத்துவிட்டேன். குரல் கச்சிதம், ஆள் தப்பு. டயர் மேல் உட்கார்ந்து எத்தனை தடவை அந்த வரியை அழித்தாலும் பென்சில் சுழி மாதிரி அங்கேயே இருக்கிறது. சாப்டீங்களா. சாப்டீங்களாவாம்.

ஒரு பூச்சி. சின்னது, சாம்பல் நிறம், எந்த ஓட்டை வழியாக வந்ததோ. ட்ரெய்லரின் பக்கத்தில் பறக்கிறது. கருநீலத்துக்குள் இன்னொரு பூச்சி இதைப் பார்த்துப் பறந்து வருகிறது, இரண்டும் ஒட்டிக்கொள்ளப் போகின்றன. வேண்டாம். போ. கையை வீசினால் காற்று, எழுந்தால் தூசி. வாயைத் திறந்து ஊதினால் எச்சில். என்னிடம் இருப்பதெல்லாம் குரல்தான், அதற்கும் தடை. கண்ணாலேயே கெஞ்சுகிறேன், ராசா, அங்கே உட்கார்ந்தால் நீயும் காலி, மூன்று வாரத்துப் பாடும் காலி, அந்த மனுஷன் கண்ணை மூடித் தடவின அத்தனை தடவலும் காலி. இங்கே வா. இங்கே வெளிச்சம் இல்லை, ஆனால் ஒரு மூஞ்சி இருக்கிறது. வந்தது! கன்னத்தில் உட்கார்ந்து மூக்குப் பக்கமாக நடக்கிறது. நடக்கட்டும். தும்மல் ஏறுகிறது, தும்மமாட்டேன். பாயின் சட்டையில் ஒரு பொட்டு விழாது என்றால் என் கன்னத்திலும் ஒன்றும் அசையாது. கண்ணில் தண்ணீர் வந்து பூச்சி கலங்கித் தெரிகிறது, அப்போதுதான் தார் ரோட்டில் அந்தச் சத்தம். டொக், டொக், டொக். முன்னிடது கால் கொஞ்சம் மெதுவாக விழுகிற டொக். உலகத்தில் எத்தனை குதிரை நடந்தாலும் இதை நான் சொல்லிவிடுவேன். கூடவே அப்பாவின் டயர்ச் செருப்பு.

படுதாவுக்கு அந்தப் பக்கம் குரல்கள். "என்னங் பாய், ஆச்சா?" இது அப்பா. "கொஞ்சம் பொறுங்க, மேல இன்னும் ஒட்டுது. அக்கட்டால பின்னால வந்து உள்ள வேணா பாருங்க, அது போன வாரமே காஞ்சாச்சு." செருப்புச் சத்தம் பக்கச் சுவரை ஒட்டிப் பின்பக்கம் போகிறது. பின்படுதாவின் ஓரம் ஒரு கையகலம் தூக்கப்படுகிறது. வெளிச்சம் உள்ளே விழுந்து வெள்ளையில் பட்டு, ஷெட்டு முழுக்க எழுந்துகொள்கிறது. "இதென்ன பாய், வெள்ளையா இருக்குது?" "நீங்கதானுங்களே போன்ல சொன்னீங்க." "நானா?" அவ்வளவுதான், முடிந்தது. பூச்சி என் மூக்கு நுனியில் நிற்கிறது. "நீங்கதான். 'காபிக் கலர் வேண்டாம், வெள்ளை அடிச்சுப்போடுங்க'ன்னீங்க. பாதி கலக்குன காபியத் தூக்கி வெச்சுட்டு வெள்ளைய எடுத்தேன்." அப்பா தாடையைச் சொறிகிறார். அந்தச் சரசரப்பு எனக்குத் தெரியும், கோபம் வருவதற்கு முன்னாலும் வரும், கணக்குப் போடும்போதும் வரும். "ஏனுங் பாய், வாசல்ல கெடக்கற சைக்கிளு யாருது?" "நம்ம தம்பியுதுதானுங்க. அப்பவே வந்து உள்ள டயரு மேல உக்காந்திருக்குது, வாயே தொறக்குல." சரசரப்பு நின்றுவிட்டது. நான் சாகலாமா என்று யோசித்தேன். இந்த இடத்தில் ஒரு நல்ல இடி இடித்தால் என்ன? "ஆமாமா" என்றது அப்பா குரல். என் தொண்டையில் இருப்பதேதான், ஆனால் அசல். "நாந்தான் சொன்னேன். மறந்துபோச்சு." பாய் சிரித்தார். "மறக்கறதுங்களா அது? 'சாப்டீங்களா பாய்'னு வேற கேட்டீங்க. பத்து வருசமா உங்களுக்கு லோடு வண்டி, மாட்டு வண்டி எல்லாம் அடிச்சுக் குடுக்கறேன், ஒரு நாள் கேட்டதில்ல நீங்க. அன்னிக்கு ஊட்டுல ஒரு ரகளை, பட்டினியாத்தான் கெடந்தேன். கேட்டதும் எனக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. ரெண்டு கோட்டு அடிக்கற எடத்துல வெள்ளைய மூணா அடிச்சேன்."

பின்படுதா முழுக்க ஏறியது. பொழுது சாய்கிற வெயில் நேராக உள்ளே. ஏற்றுப்பலகைக்கு அந்தப் பக்கம் பவளம், கழுத்தைத் தூக்கிக்கொண்டு. அப்பா கயிற்றைச் சுருட்டிப் பிடித்து முன்னால் வந்து மூச்சை இழுத்தார். 'ஏர்றீ' வரப்போகிறது. பாயின் விரல் அதற்குள் உதட்டுக்குப் போயிற்று, இன்னொரு கை ஈரக் கருநீலத்தைக் காட்டிற்று. சட்டம் எல்லோருக்கும்தான். அப்பாவின் வாய் திறந்தபடியே நின்று, மெல்ல மூடிக்கொண்டது. கத்தத் திறந்த வாயை அப்பா மூடி நான் பார்த்தது அப்போதுதான். கத்த முடியாத ஆளுக்குக் கயிற்றை இழுப்பதும் மறந்துபோகுமோ என்னவோ, கயிறு தொய்ந்து கிடந்தது. அவர் வண்டிக்குள் போய் நின்றார். வெள்ளைக்கு நடுவே என் அப்பா, கையில் தொய்ந்த கயிறு, என்ன செய்வதென்று தெரியாத முகம். பவளம் பலகையை முகர்ந்தாள், பெயின்ட் தின்னர் நாற்றத்துக்கு ஒரு செருமல் செருமினாள், பின்னால் ஒரு எட்டு வைத்தாள். ராக்கியண்ணன் என் வாய்க்குள் இருமினார். போகாதே. அவளைக் கூப்பிட எனக்கு இருபது குரல் இருக்கிறது, ஒன்றையும் எடுக்கவில்லை. அவள் கழுத்தை உயர்த்தினாள். பார்த்தாள். பால் வேனைப் பார்த்தமாதிரியேதான். டொக். பலகை முனகியது. முன்னிடது, கொஞ்சம் மெதுவாக, டொக். பிறகு நான்கும் சேர்ந்து தடதடவென்று கோயில் மணிக்குள் இறங்குகிறமாதிரி, உள்ளே போய் அப்பாவின் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். வெள்ளையா, கத்தாமல் விட்டதா, எதற்கு ஏறினாள்? இத்தனை நாளும் நாங்கள் கத்தாமல் ஏற்றிப் பார்த்ததே இல்லை. என் யோசனைதான் ஜெயித்தது என்று ஊரெல்லாம் சொல்ல நினைத்தால் நடுவில் இந்தக் கேள்வி வந்து குந்திக்கொள்கிறது. குந்தட்டும். அவள் வீட்டுக்கு வருகிறாள்.

பாய் தகரத்துண்டைக் கழற்றிக் கட்டைவிரலை அழுத்தி, எடுத்து, விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. சட்டையும் சுத்தமாக இருந்தது. "காஞ்சிருச்சு. இனிப் பேசலாம்" என்றார், டீ மாஸ்டரைத் தேடிக்கொண்டே. மூக்கிலிருந்து பூச்சி எழுந்து போயிற்று, தும்மலும் அதோடு போயிற்று. அப்பா குனிந்து நடுத்தடுப்புக்குக் கீழே நுழைந்து வெளியே வந்தார், உள்ளங்கையை வெள்ளையில் வைத்து ஓரமாக ஒரு தடவு தடவினார், கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்தார். நான் டயரிலிருந்து எழுந்து நின்றேன், கால் மரத்துப் போயிருந்தது, வாயில் ஒரு ஆளும் இல்லை. அப்பா என்மேலிருந்து பார்வையை எடுக்காமலேயே முகத்தை மட்டும் பாய் பக்கம் திருப்பித் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏனுங் பாய்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "சாப்டீங்களா?" இழுவை அதிகம். 'டீ'யில் நான் வைத்த குழைவு இல்லை, கடைசியில் குரல் மேலே போகவேண்டியது கீழே போய்விட்டது. இருந்தாலும் முதல் தடவைக்கு மோசமில்லை.